வறண்ட ஆற்றுக்கு மீன் எங்கிருந்து வருகிறது? சின்னாறு, தென்பெண்ணைக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சின்னாற்றங்கரைக்காரன். தளி மலைப் பக்கம் பிறந்து, பஞ்சப்பள்ளி அணையைத் தாண்டி, மாரண்டஅள்ளி, பாலக்கோடு வழியாக ஒகேனக்கல்லில் காவிரியோடு சேருகிற ஆறு அது. வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். சின்ன வயசிலிருந்தே அந்த ஆற்று மீனைக் கவனித்து எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் ஊரில் மீனைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

சித்திரையில் ஆறு காய்ந்து கிடக்கிறது. ஆடியில் தண்ணீர் வந்த மூன்றாம் நாளே மீன் துள்ளுகிறது. எங்கிருந்து வந்தது?

மடுவிலிருந்து வந்தது. ஆறு காய்ந்துவிட்டது என்று நாம் சொல்வது பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான். ஆற்றுக்குள் இறங்கி நாலு கிலோமீட்டர் நடந்தால் கதை வேறு. ஆறு திரும்பும் இடத்தில் பாறையில் மோதிய வெள்ளம் குடைந்த பள்ளம் இருக்கும். தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து பறித்த குழி இருக்கும். மருத மரமும் நாவல் மரமும் கவிந்த நிழலில், தொட்டால் ஜில்லென்று ஒரு குட்டை கிடக்கும். இவைதான் மடு. வெளியே தெரியும் குட்டைக்கு மணலுக்கடியில் ஓடும் ஊற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நம் பக்கத்துக் கோடையில் வெயில் ஒரு நாளைக்கு 6, 7 மில்லிமீட்டர் தண்ணீரை உறிஞ்சும். நூறு நாளைக்கு 60, 70 சென்டிமீட்டர். முழங்காலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீர் உள்ள மடு மாசி முதல் வைகாசி வரை வெயிலுக்குத் தாக்குப்பிடித்துவிடும். ஒரு டீசல் மோட்டாரை இறக்கினால் அதே மடு இரண்டே நாளில் காலி. மடு வற்றுவதற்கு வெயில்தான் காரணம் என்று யாராவது சொன்னால், கரையில் குழாய் ஏதும் கிடக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.

மடுவில் மிஞ்சியவை புதுத்தண்ணீர் தொட்டதும் கிளம்பும். மூன்றாம் நாள் நீங்கள் பார்ப்பது கோடையைத் தாண்டிய பெரிய மீன். அடுத்த மாதம் கூட்டம் கூட்டமாகத் திரியும் பொடிசுகள் அவற்றின் பிள்ளைகள். ஒரு சினைக் கெண்டை நூற்றுக்கணக்கில் முட்டை இடும். பத்து மீன் பிழைத்த மடு பத்து கிலோமீட்டர் ஆற்றை நிரப்பிவிடும்.

தேங்கிய, சூடான தண்ணீரில் மீன் எப்படி மூச்சு விடுகிறது?

சிரமப்பட்டுத்தான். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூட நிற்காது. பகலில் பாசி ஆக்சிஜன் விடுகிறது. இரவில் அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு மடுவுக்குக் கெட்ட நேரம் மத்தியானம் அல்ல, விடியற்காலை. நாலரை, ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் கெண்டைகள் தண்ணீரின் மேல்தோலில் வாயை ஒட்டவைத்து வரிசையாக நிற்கும். காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய மேலடுக்கில்தான் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதல். வெயில் ஏறிப் பாசி வேலை தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். மருந்து வைத்துவிட்டார்களோ என்று பயந்து எனக்குப் போன் செய்பவர்களிடம், எட்டு மணி வரை பொறுத்துப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

விரால் மட்டும் எப்படி எல்லாவற்றையும் தாங்குகிறது? சேற்றுக்குள் மாதக்கணக்கில் கிடக்குமாமே?

கிடக்கும். நானே பார்த்திருக்கிறேன். எனக்குப் பதினோரு வயதிருக்கும். அந்த வருஷம் எங்கள் ஏரி மாசியிலேயே வற்றிவிட்டது. மேலே வண்டல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். வண்டல் அள்ள வந்தவர் மண்வெட்டியைப் போட்டு ஒரு பாளத்தைப் புரட்டினார். அடியில் கருநீலச் சேறு, அதில் கை நுழையும் அளவு ஒரு பொந்து, பொந்துக்குள் வளைந்து படுத்த ஒரு விரால். உடம்பு முழுக்கக் கோழை. மண்ணும் கோழையும் சேர்ந்து தோலுக்கு மேல் இன்னொரு தோல் மாதிரி இருந்தது. செத்த மீன் என்றுதான் நினைத்தேன். தொட்டதும் வாலை அடித்தது.

அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தூக்குவாளியில் விட்டு, துள்ளி வெளியே விழாமல் இருக்க விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்தி மூடிவைத்தேன். காலையில் செத்துக் கிடந்தது. சேற்றில் பல வாரம் உயிரோடு இருந்த மீன் நல்ல தண்ணீரில் ஒரே இரவில் செத்துவிட்டதே என்று அழுதேன். ஆயாதான் சொன்னார்: “மேல வந்து காத்து வாங்குற மீனுடா அது. மூடி போட்டு அடைச்சா எப்படிடா உசுரோட இருக்கும்?”

அறிவியலும் இதையேதான் சொல்கிறது. விராலின் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றை அடைத்துவைக்க ஒரு அறை உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை முழுங்கி அந்த அறையில் வைத்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். அதே உறுப்புதான் சேற்றுப் பொந்தில் அதைக் காப்பாற்றுகிறது. ஒரே ஒரு நிபந்தனை, சேற்றில் ஈரம் இருக்க வேண்டும். பொந்து முழுக்கக் காய்ந்தால் விராலும் காய்ந்துவிடும்.

மற்ற மீன்களுக்கு வேறு வேறு வழி. தேளிக்குச் செவுளறையிலிருந்து இரண்டு காற்றுப்பைகள் முதுகுச் சதை வழியாக வால் பக்கம் வரை நீளும். (முள் குத்தினால் ராத்திரி முழுக்கத் தூங்க விடாது, கவனம்.) அயிரை காற்றை விழுங்கிக் குடலால் மூச்சு விடும். விலாங்குக்குத் தோலே பாதி மூச்சு. ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ஒரு லிட்டர் தண்ணீரில் இருப்பதைப் போல 30 மடங்குக்கு மேல். அதை எடுக்கத் தெரிந்த மீன் கோடையைக் கடந்துவிடும்.

ஏரி காயும்போது முட்டை மண்ணில் கிடந்து, மழை பெய்ததும் பொரிக்கிறது என்கிறார்களே?

நம் ஊர் மீன் எதற்கும் அந்தத் திறமை கிடையாது. கெண்டை முட்டையோ கெளுத்தி முட்டையோ காய்ந்தால் அதோடு சரி. இந்த நம்பிக்கை மிகப் பரவலாக இருப்பதால், “முட்டைதான் மண்ணிலே இருக்கே, மீனை வழிச்சுப் பிடிச்சா என்ன” என்று கோடையில் கடைசி மீன் வரை பிடித்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்படி முட்டை இடும் மீன் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் பக்கம் மழைக்குட்டைகளில் வாழும் ஒரு சின்னக் கில்லி மீன் இருக்கிறது. குட்டை காய்ந்தால் மீன் செத்துவிடும். முட்டை மட்டும் காய்ந்த மண்ணுக்குள் வளர்ச்சியை நிறுத்திவைத்துக் காத்திருக்கும். மழை வந்ததும் பொரித்து, இரண்டே வாரத்தில் பருவத்துக்கு வந்து முட்டையிடத் தொடங்கிவிடும். அதே ஆப்பிரிக்காவில் நுரையீரல் மீன் கோழையால் கூடு கட்டிச் சேற்றுக்குள் வருஷக்கணக்கில் தூங்கும்.

நம் ஏரி மண்ணில் காய்ந்து கிடந்து உயிர்ப்பவை வேறு. நீர்த்தெள்ளு, கண்ணாடி மாதிரி உடம்புள்ள தேவதை இறால் போன்றவற்றின் முட்டைகள் அப்படிக் கிடக்கும். மண்ணுக்கடியில் ஓட்டை மூடிக்கொண்டு நத்தையும் கிடக்கும். மழை பெய்த பத்தாம் நாள் குட்டையில் துள்ளும் பொடிசுகளைப் பார்த்து மீன்குஞ்சு என்பார்கள். உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள். பல நேரம் அது இறாலாக இருக்கும், இல்லாவிட்டால் தலைப்பிரட்டை.

மழையோடு மீன் விழுமா?

கடலில் நீரைச் சுழற்றித் தூக்கும் சூறைக்காற்று மீனையும் தூக்கிப் போட்டதாக உலகத்தில் பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் பக்கம் மழை நின்றதும் ரோட்டில் கிடக்கும் மீன் பெரும்பாலும் பக்கத்து ஓடையிலிருந்து ஏறி வந்த மீன்தான்.

பனையேறிக் கெண்டை பனை ஏறுமா?

1797-இல் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, தரங்கம்பாடியில் ஒரு பனையில் இந்த மீன் ஏறுவதைத் தன் கண்ணால் பார்த்ததாக லண்டன் ஆய்வுச் சங்கத்துக்கு எழுதினார். அன்றிலிருந்து விவாதம் ஓயவில்லை. பறவை தூக்கிப் போட்டிருக்கும் என்பவர்களும் உண்டு. நிலத்தில் நடப்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. செவுள் மூடியின் ஓரத்தில் இருக்கும் முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, உடம்பை ஆட்டி ஆட்டி ஈரப் புல்லில் போகும். குட்டை வற்றினால் அடுத்த குட்டையைத் தேடி மழை இரவில் கிளம்பிவிடும்.

கொக்கு, வாத்து மூலமாக முட்டை பரவுமா?

காலில் ஒட்டி வருகிறது என்று நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்கிறார்கள்; சான்று மெலிவு. வயிற்று வழியாகப் பரவ முடியும் என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. ஹங்கேரியில் காட்டு வாத்துகளுக்குக் கெண்டை இன முட்டைகளைத் தின்னக் கொடுத்து எச்சத்தைச் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது: ஆயிரத்தில் இரண்டு முட்டை உருக்குலையாமல் வெளியே வந்தது, சில பொரிக்கவும் செய்தன. ஆயிரத்தில் இரண்டு என்பது அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு வாத்துக்கூட்டம் ஒரு காலையில் எத்தனை முட்டை தின்னும் என்று யோசித்தால், ஓடையே இல்லாத கல்குவாரிக் குட்டைக்கு மீன் வருவதற்கு இதுவும் ஒரு வழியாக இருக்கலாம். இருந்தாலும் நம் ஏரிகளுக்கு வரும் மீனில் பெரும்பங்கு தண்ணீர் வழியாகவும் மனிதர் கையாலும் வருவதுதான்.

ஏரி கோடி போகும்போது மீன் ஏன் எதிர்த்து ஏறுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது மிச்சத் தண்ணீர் கரையோரச் சுவர் வழியாக வழிந்தால், ஊரே கூடையும் கொசுவலையுமாக வாய்க்காலில் நிற்கும். தண்ணீர் கீழே ஓடுகிறது, மீன் மேலே போகிறது. கெண்டை, கெளுத்தி, ஆரல், விரால், எல்லாம் ஏறும். அரையடித் தண்ணீரில் முதுகு வெளியே தெரிய நெளிந்து நெளிந்து ஏறும்.

கோடை முழுக்கக் குட்டையில் முடங்கிய மீனுக்குப் புதுத்தண்ணீர் பல செய்தி கொண்டுவருகிறது. சூடு குறைகிறது, கலங்கல் வருகிறது, மண்வாசனை வருகிறது, ஓட்டம் உடம்பில் படுகிறது. இவையெல்லாம் சேர்ந்து சினைச் சுரப்பியை முடுக்கிவிடும். மேலே, புதிதாக மூழ்கிய புல்தரையிலும் வயலோரத்திலும் முட்டையிட்டால் குஞ்சுக்கு நுண்ணுயிர் இரை நிறைய இருக்கும். பிடித்துத் தின்னும் பெரிய மீன் குறைவு. குஞ்சுகள் வளர வளரத் தண்ணீரோடு கீழே இறங்கி எல்லா ஏரிக்கும் பரவும். மேலே ஏற வழி இல்லாவிட்டால், ஒவ்வொரு வெள்ளமும் மீனைக் கீழேயே தள்ளித் தள்ளி மேல் ஏரிகள் வெறிச்சோடிவிடும்.

நம் முன்னோர் ஏரிகளைத் தொடராகக் கட்டினார்கள். ஒன்றின் கோடி அடுத்ததன் வரத்து. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பாரூர்ப் பெரிய ஏரிக்குப் போகிறதே, அந்த வாய்க்கால் மீனுக்கு நெடுஞ்சாலை. வாய்க்காலை ஆக்கிரமித்து வீட்டுமனை போட்டால் தண்ணீர் வரத்து நிற்பது எல்லோருக்கும் தெரியும். மீன் வரத்தும் அன்றோடு நிற்கிறது. கோடிச் சுவரைச் செங்குத்தாகக் கான்கிரீட் போட்டு உயர்த்தினாலும் அதே கதி. பழைய கோடிகளில் கல்லைச் சரிவாக அடுக்கியிருப்பார்கள். அந்தக் கல் இடுக்குகளில் நின்று நின்று மீன் ஏறிவிடும். புதிதாகக் கட்டும்போது ஓரத்தில் ஒரு கரடுமுரடான சரிவை விட்டால் போதும், செலவும் அதிகமில்லை.

விவசாயக் கிணற்றில் யாருமே விடாமல் மீன் எப்படி வந்தது?

யாராவது விட்டிருப்பார்கள். கொசுப்புழுவுக்காகக் கம்பூசியா, கப்பி மீன்களைக் கிணறுகளில் விடுவது பழைய வழக்கம். அவை குட்டி போடும் மீன்கள். கப்பியில் ஒரு சினைப் பெண்மீன் போதும், ஆண் இல்லாமலே பல மாதம் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். மற்றபடி பெருவெள்ளத்தில் ஓடைத் தண்ணீர் கிணற்றில் பாய்ந்தாலும் மீன் வரும்.

ஏரியில் ரோகு, கட்லா ஏன் தானாகப் பெருகுவதில்லை? வருஷா வருஷம் குஞ்சு விட வேண்டியிருக்கிறதே?

அவை கங்கை போன்ற பெரிய வடநாட்டு ஆறுகளின் மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் சினை விடும். தேங்கிய ஏரியில் கொழுக்கும், முட்டையிடாது. 1957 ஜூலையில் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி என்ற அறிஞர் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறை ஊசியாகப் போட்டு இவற்றை முட்டையிட வைத்தார். நாடு முழுவதும் மீன் பண்ணைகளில் குஞ்சு கிடைப்பது அதனால்தான். ஏலம் எடுத்தவர் குஞ்சு விடாவிட்டால் அந்த வருஷம் கட்லா இருக்காது. யாரும் விடாத கெண்டையும் கெளுத்தியும் இருக்கும். அவை இந்த மண்ணின் வறட்சியோடு பழகியவை.

அப்படியானால் ஜிலேபி மட்டும் எப்படி எல்லாக் குட்டையிலும் இருக்கிறது?

ஜிலேபி என்கிற திலேப்பியா ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்கு வந்துவிடும். ஓட்டம் தேவையில்லை, கலங்கலும் உப்பும் பொருட்டில்லை. வற்றும் குட்டையில் கையளவு இருக்கும்போதே முட்டையிடும். வறட்சி நாட்டுக்கென்றே செய்தது மாதிரி ஒரு மீன். நம் நாட்டுக் கெண்டையின் இடத்தை அது பிடித்துக்கொள்வதுதான் எனக்குக் கவலை. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. திலேப்பியா வளர்க்க நினைப்பவர்கள் அங்கே கேட்டு முறையாகச் செய்யலாம். தோட்டத்துக் குட்டையில் வேலியும் வலையும் இல்லாமல் வளர்த்தால், அடுத்த வெள்ளத்தில் அது ஆற்றில் இருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் எந்தக் குட்டையின் கரை நிற்கும்?

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கவே தடை. அதுவும் காற்றை முழுங்கும், ஈரத்தில் நகரும், கிடைத்ததைத் தின்னும். கண்ணாடித் தொட்டியில் வைக்கிற டேங்க் கிளீனரும் அதே மாதிரி ஆபத்து. வயிற்றால் மூச்சு விடும், கரையில் பொந்து போடும். வளர்க்க முடியாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள்.

அணை கட்டினால் வருஷம் முழுக்கத் தண்ணீர். மீனுக்கு நல்லதுதானே?

சில மீனுக்கு நல்லது. கிருஷ்ணகிரி அணைக்கட்டில் டேம் மீன் வறுவல் தின்றவர்களுக்கு அது தெரியும். பயணம் போகும் மீனுக்கு அணை மூடிய கதவு. 1934-இல் மேட்டூர் அணை வருவதற்கு முன் கடலிலிருந்து உல்லம் மீன் காவிரியில் அந்தத் தொலைவு வரை ஏறி வந்தது. அணை வந்தபின் அந்த வரத்து நின்றது. விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் வளரும் மீன். அதற்கும் இதே சிக்கல்.

காவிரிப் படுகையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லாத மீன் திமில் மசீர். 2018-இல் அழியும் விளிம்பில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதற்கு ஆழமான மடுவும் வேண்டும், பாறைக்கிடையே ஓடும் தண்ணீரும் வேண்டும். ஒகேனக்கல் போன்ற இடங்களின் அருமை இதில் இருக்கிறது.

தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறதே, அந்தத் தண்ணீரில் மீன் எப்படி?

பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் கலந்து வருவதால் பொங்கும் நுரை அது. கழிவு மக்கும்போது தண்ணீரின் ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது. காற்று முழுங்கத் தெரிந்த மீன் நிற்கும், கெண்டை நிற்காது. கோடையில் தேங்கிய கழிவை முதல் மழை மொத்தமாக உருட்டிக்கொண்டு வரும்போதுதான் மீன் செத்து மிதக்கும். மடுவில் கோடையைத் தாண்டிய மீன், காத்திருந்த தண்ணீரே விஷமாக வந்து சாவதைப் பார்ப்பதைவிடக் கொடுமை எனக்குத் தெரிந்து வேறில்லை.

மற்ற வறண்ட நாடுகளிலும் இப்படித்தானா?

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் கூப்பர் கிரீக் என்று ஒரு ஆறு. பெரும்பாலான நேரம் சங்கிலி சங்கிலியாகக் குட்டைகள்தான். பெருவெள்ளம் வரும்போது பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி, சில வருஷங்களில் ஐர் ஏரி வரைக்கும் போகும். மீன் அந்த வெள்ளத்தோடு வெளியே பரவி, வற்றும்போது ஆழமான குட்டைகளுக்குத் திரும்பும். அங்கே ஒரு பொட்டுப் பெர்ச் மீன், மழைக்குப் பின் வண்டிச் சக்கரத் தடத்தில் நிற்கும் தண்ணீரிலேயே நீந்திப் போகும். அங்கும் ஆழமான குட்டை எத்தனை மிஞ்சுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கோடையில் மடுவில் மீன் பிடிக்கவே கூடாதா?

தூண்டில் போட்டு ஒரு குழம்புக்குப் பிடிப்பதால் மடு அழியாது. மோட்டார் வைத்து இறைப்பது, கரண்ட் வைப்பது, தோட்டா போடுவது, பிளீச்சிங் பவுடர் கொட்டுவது, இவை நான்கும் ஒரே மத்தியானத்தில் பல கிலோமீட்டர் ஆற்றின் விதைநெல்லை எரிக்கும் வேலை. ஊருக்கு ஒரு மடுவையாவது சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் தொடாமல் விடுவது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். கோயில் பக்கத்து மடுவாக இருந்தால் ஒத்துக்கொள்வது எளிது. பல ஊரில் ஏற்கெனவே அங்கே யாரும் வலை போடுவதில்லை.

வலை போடாமல் மடுவில் மீன் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

விடியற்காலை போங்கள். பேசாமல், நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக உட்காருங்கள். மேலே வாய் வைத்திருந்தால் கெண்டை. ஒரே இடத்தில் ‘பொளக்’ என்று சத்தம் கேட்டு வட்டம் விரிந்து, கொஞ்ச நேரம் கழித்து அதே பக்கம் மறுபடி கேட்டால் விரால் காற்று வாங்குகிறது. செம்மஞ்சள் நிறத்தில் பொடிக்குஞ்சுகள் பந்து மாதிரி திரண்டு நகர்ந்தால் அடியில் அப்பன் விரால் காவல் இருக்கிறது. அதை மட்டும் பிடித்துவிடாதீர்கள். மீன்கொத்தி ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்தால் பொடி மீன் உண்டு. காவிரிப் பக்கமாக இருந்தால் மணலில் நீர்நாயின் கால்தடத்தையும் தேடுங்கள், தடத்துக்குப் பக்கத்தில் செதில் கிடக்கும்.